அட்டவணையில் இரண்டாவது தெர்ஸா

ஹாலிஃபாக்ஸ் நூலகத்தில் செவ்வாய்தோறும் கூடி, அவரவர் குடும்ப வரலாற்றைத் தேடும் எங்கள் குழுவில் தெர்ஸா கிரீன்வுட் விளையாட்டாகத்தான் சேர்ந்தாள். வயது எழுபது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"எங்க பரம்பரையில எவனாவது ஆடு திருடித் தூக்குல தொங்கியிருந்தா சொல்லு, மார்ஜரி. இல்லேன்னா எனக்கு போரடிச்சிடும்," என்றாள்.

"முதல்ல பிறப்புப் பதிவு அட்டவணையில நீ இருக்கியான்னு பாரு," என்றேன்.

தன் பெயரையும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான ஆக்ராய்டையும் தட்டினாள். குடும்பப் பெயரை நிரப்ப மறந்துவிட்டாள். திரையில் இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி அவள்தான்: கிரீன்வுட், தெர்ஸா, ஹாலிஃபாக்ஸ், 1951. அடுத்தது: ஃபிர்த், தெர்ஸா, ஸ்கார்பரோ, 1958. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அதே ஆக்ராய்ட்.

"வேற யாரோ ஆக்ராய்டா இருக்கும்," என்றேன்.

"சரி, தெர்ஸான்னு யாருடி பேர் வைப்பா? இந்தப் பேருக்காகப் பள்ளிக்கூடத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

சிரித்தோம். அவள் அம்மா ஐடா 1955-இல் காசநோய் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவள். அப்போது தெர்ஸாவுக்கு நான்கு வயது. அப்பாவும் வின்னி அத்தையும்தான் வளர்த்தார்கள். சந்தேகம் தீரட்டும் என்று அந்த ஸ்கார்பரோ குழந்தையின் சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து என் சமையலறையில் உறையைப் பிரித்தாள். தந்தை: ஆர்னல்ட் ஃபிர்த், பஸ் ஓட்டுநர். தாய்: ஐடா கிரீன்வுட், பிறந்த வீட்டுப் பெயர் ஆக்ராய்ட்.

"செத்து மூணு வருஷம் கழிச்சு எப்படி மார்ஜரி பிள்ளை பெத்தாங்க?"



அன்றே அவளை ஏற்றிக்கொண்டு அத்தை இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் காரை ஓட்டினேன். வின்னி அத்தைக்குத் தொண்ணூற்று மூன்று வயது. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. தெர்ஸா சான்றிதழை அவள் மடியில் வைத்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தாள்.

"அந்த பஸ்காரன் பேரையும் எழுதி வெச்சிருக்காங்களா," என்றாள்.

"அத்தை, அம்மா சாகலையா?"

"ஓடிப்போயிட்டா. அதைச் சொல்றதுக்கு, செத்துட்டான்னு சொல்றது மேல்னு உங்கப்பன் நெனச்சான்."

"என்னைப் பார்க்க ஒரு தடவைகூட வரலையா?"

அத்தை காகிதத்தை மடித்தாள், பிரித்தாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக வரேன்னு எழுதினா. நான்தான் பதில் போட்டேன்."

"என்னன்னு?"

"காய்ச்சல்ல நீ போயிட்டேன்னு. அடக்கமும் முடிஞ்சுதுன்னு."

 தெர்ஸா அத்தை கையிலிருந்து சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

"உயிரோட இருந்த பிள்ளையை... எப்படி அத்தை மனசு வந்துச்சு?"

"உன்னை விட முடியலடி," என்றாள் அத்தை. "எனக்கு வேற யாரு இருந்தா?"

தெர்ஸா வெளியே வந்து, காரின் கதவைத் திறக்கத் தெரியாதவள்போல் நின்றாள். "செத்த மகளோட பேரைத்தான் அடுத்ததுக்கு வெச்சிருக்காங்க," என்றாள். "அது நான்தான், மார்ஜரி."

அடுத்த செவ்வாய் திருமண அட்டவணையில் அந்தத் தங்கையின் புதுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெயரைத் தொலைபேசிப் புத்தகத்தில் தேடி எண்ணைப் பிடித்தோம். தெர்ஸா பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எங்க அக்கா சின்ன வயசுலயே தவறிட்டாங்களே," என்றது அந்தக் குரல். "அவங்க பேரைத்தான் எனக்கு வெச்சாங்க."

"தவறலம்மா. ஹாலிஃபாக்ஸ்ல இருக்கேன்."

எதிர்ப்பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. அப்புறம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐடா 2011 வரை ஸ்கார்பரோவில் உயிரோடு இருந்திருக்கிறாள். கார் எடுத்தால் இரண்டு மணி நேரத் தூரம்.

அந்த வசந்தத்தில் அக்காவும் தங்கையும் ஸ்கார்பரோவில் சந்தித்தார்கள். மோவாய் ஒரே அச்சு என்று தெர்ஸா சொன்னாள்.  வின்னி அத்தையின் துணிகளை இன்னமும் ஞாயிறுதோறும் எடுத்துவந்து, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். பேச்சைத்தான் நிறுத்திவிட்டாள்.