மலாக்கிக்கு மட்டும் தனித் தாள்

முழங்காலில் கத்தி வைத்த பிறகு ஃபின்டனுக்கு மிஞ்சியது தாளில் ஆடும் கோல்ஃப் மட்டும்தான். இந்த வருடப் பயணத்தையும் விடாப்பிடியாக அவரே திட்டம் போட்டார். வியாழன் கடலோர மணல்மேட்டு மைதானம், வெள்ளி ஏரிக்கரையில் மரங்கள் சூழ்ந்த மைதானம், சனி வீடு. அண்ணனும் நண்பர்களுமாக ஏழு பேர் போய்விட்டார்கள். அவர் சமையலறையில் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, இந்நேரம் எந்தக் குழியில் இருப்பார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை, மணி மூன்றே கால்.

அந்த மைதானம் ஒரு தீவில் இருந்தது. கடல் வற்றும்போது ஈர மணலில் காரையே ஓட்டிக்கொண்டு போகலாம். கடல் ஏறினால் வழி கிடையாது. அயர்லாந்தில் கடலே தொடாத லீஷ் மாவட்டத்துக்காரர்களான இவர்களுக்குக் கடல் என்றால் கோடையில் ஐஸ்கிரீம் தின்னும் இடம்; அது ஏறுவது, வற்றுவது பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

மனைவி டெர்வ்லா தேநீரை வைத்தாள். “நல்லவேளை, கடல் ஏறி இறங்கற நேர அட்டவணைக்கு அடியில பொடியா எழுதியிருந்தத பார்த்தேன். கோடையில கடிகாரத்த முன்னால தள்ளி வைக்கறதால, ஒரு மணி நேரம் கூட்டணுமாம். டைப் பண்ணும்போது கூட்டிட்டேன்.”

“எதைக் கூட்டின?”

“தீவை விட்டுக் கிளம்பற நேரத்தை. நீ நாலுன்னு எழுதியிருந்த. அஞ்சாக்கிட்டேன்.”

ஃபின்டன் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். “புத்தகத்துல மூணுதான் இருந்துச்சு, டெர்வ்லா. நான் கூட்டித்தான் நாலு போட்டேன்.”

ஆளுக்கொரு முறை கவனமாக இருந்ததில் வந்த வினை. அஞ்சு மணிக்கு அந்த மணலில் வண்டி இறங்கினால் அவ்வளவுதான்.

வேன் ஓட்டிப் போன டோனலுக்கு அடித்தார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? ஆட்டத்துக்கு நடுவே போன் அடித்தால் கழுத்தை நெரிக்கும் கூட்டம் அது, போனெல்லாம் வண்டியிலேயே கிடக்கும். தீவில் இருந்த கொட்டகையில் வார நாட்களில் ஆள் இல்லை. டெர்வ்லா கடலோர மீட்புப் படையைக் கூப்பிட்டாள். ஃபின்டன் கரையிலிருந்த மதுக்கடைக்கு அடித்தார்.

“இங்கிருந்தே தெரியுது,” என்றாள் கடைக்காரி ப்ரீட். “நடுவுல ஒரு கால்வாய் இருக்கு, அதான் முதல்ல ரொம்பும். வெளியூர்க்காரங்க கணுக்கால் தண்ணிதானேன்னு இறங்கிடுவாங்க. போன வருஷம் ஒரு காரைத்தான் இழுக்க முடிஞ்சது, ஆளை இல்ல. போனை வைக்காதீங்க, பார்த்துச் சொல்றேன்.”

அப்போதுதான் ஃபின்டனுக்கு மலாக்கியின் தாள் நினைவுக்கு வந்தது.

அண்ணன் மலாக்கி எங்கேயும் நேரத்துக்கு வந்தவரில்லை. அதனால் இருபத்திரண்டு வருடமாக, டைப் அடித்த தாளைப் பார்த்து, எல்லா நேரத்திலும் ஒரு மணியைக் குறைத்து, மலாக்கிக்கு மட்டும் ஃபின்டன் தன் கையால் தனித் தாள் எழுதிவந்தார். இந்த முறை டைப்பில் அஞ்சு என்று இருந்ததைக் கவனிக்காமலே குறைத்திருப்பார்; அந்தத் தாளில் நாலு என்று இருக்கும். ஏழு தாளில் கிளம்பும் நேரம் சரியாக இருந்தது அது ஒன்றில்தான். நேரத்தைப் பற்றி யார் பேச்சை யாருமே காதில் வாங்க மாட்டார்களோ, அவர் பையில் அது கிடந்தது.

“மூணே முக்கால்,” என்றாள் ப்ரீட். “கால்வாய் ரொம்ப ஆரம்பிச்சிடுச்சு.”

“மீட்புப் படகு வர நாப்பது நிமிஷம் ஆகுமாம்,” என்றாள் டெர்வ்லா.

“ஒரு கார் இறங்குது,” என்றாள் ப்ரீட். “சின்னது. பின்னாலயே ஒரு வேன்.”

ஃபின்டன் கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் அந்தப் பக்கம் காற்றின் சத்தம் மட்டுமே கேட்டது.

“வந்துட்டாங்க. ரெண்டும் வந்துடுச்சு.”

டெர்வ்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பத்து நிமிடத்தில் மலாக்கியே அழைத்தார். “டேய், பதினாலாவது குழியில நின்னு கிளம்புங்கடான்னேன். ‘மலாக்கி மணி சொல்றான் பாரு’ன்னு டோனல் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் பையைத் தூக்கிட்டு நடந்தேன், வேன் சாவி அதுலதான் இருந்துச்சு. திட்டிக்கிட்டே பின்னால வந்தானுங்க. என் தம்பி கைப்பட எழுதினது, தப்பா இருக்காதுன்னேன்.”

“அண்ணே…”

“இங்க மதுக்கடைக்கு வந்து டோனல் தாளைப் பார்த்தேன். கிளம்பற நேரம் மட்டும் இல்லடா. காலைச் சாப்பாடு, முதல் அடி, ராத்திரி விருந்து, எல்லாமே என்னோடதுக்கு ஒரு மணி நேரம் பின்னால. ஏன்டா?”

டைப் அடித்ததில் தப்பு என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதானே. நாக்கு நுனி வரை வந்தது.

“நீ லேட்டா வருவ. அதனால உனக்கு மட்டும் முன்னாடியே போடுவேன்.”

“எத்தனை வருஷமா?”

“இருபத்திரண்டு.”

அங்கே யாரோ சிரித்தார்கள், கண்ணாடிக் குவளைகள் மோதின. மலாக்கி குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா அடக்கத்துக்கு?”

ஃபின்டன் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார்.

“அன்னைக்கு நான் லேட் இல்லடா. நீ சொன்ன பத்து மணிக்கு முன்னாலயே வந்துட்டேன். சர்ச் பூட்டிக் கிடந்துச்சு. முந்தின ராத்திரியே கொண்டு வச்ச பெட்டியில அம்மா உள்ள, நான் வெளிய மழையில. எங்கம்மாவுக்கு ஒரு நாய்கூட வரலியேன்னு ஒரு மணி நேரம் அழுதேன். உங்கிட்டயும் சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்பவும் நீ சொல்லல.”

“சொல்லல, அண்ணே.” வெட்கத்தில் ஃபின்டனுக்குக் காது சுட்டது.

“நாளைக்கு ஏரிக்கரையில எத்தனை மணிக்கு?”

தாள் எதிரிலேயே இருந்தது. இருந்தும் ஒரு முறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். “பத்தே கால்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

மலாக்கி போனை வைத்துவிட்டார்.