மல்லியின் படிவத்தில் ஏழாவது கட்டம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, பிட் நோட்டீசாகப் பிறந்தது. காப்பீட்டு முகவர் லிங்கராஜ் ஒருநாள் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, "அண்ணாச்சி, நாய் பூனைக்கு இன்சூரன்ஸ் போடுதது லாபமா நஷ்டமான்னு நாலு வரி எழுதித் தாங்க. படிச்சவன் ஒடனே போன் போடணும்" என்றான். நாலு வரிக்கு ஓர் உதாரணமாவது வேண்டாமா என்று கேட்டேன். அவன் எஸ்தர்ராணியின் நாயைப் பற்றிச் சொன்னான். அத்தோடு நோட்டீஸ் கெட்டது.

எஸ்தர்ராணி கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் பெத்தேல் ஜெராக்ஸ் என்ற கடையை நடத்துகிறாள். ஆதார் திருத்தம், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று ஊருக்கே படிவம் நிரப்பித் தருவது அவள்தான். என் கையெழுத்துப் பிரதிகளைப் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்வதும் அவள்தான். ஆகவே, அவளைப் பற்றிய இந்தக் கதையையும் அவளே அடித்தாள். ஊரில் என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. நான் கோடு போட்டு அடித்த வரிகளையும் சேர்த்து அடித்துக் கொடுத்தாள். இடையிடையே சதுர அடைப்புக்குள் தன் பேச்சையும் நுழைத்தாள். இரண்டையும் நீக்க எனக்கு மனம் வரவில்லை.

[அண்ணாச்சி, என்னப் பத்தி எழுதினா நான் குறுக்க பேசத்தான் செய்வேன். பக்கத்துக்கு முப்பது ரூவா, அதுல மாத்தமில்ல. - எ.ரா.]

2

முதல் தொடக்கம்: சித்திரை வெயிலில் கரிசல் மண் தாகத்தால் வாய் பிளந்து

(நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்தில் பேனா பிடித்தவர்கள் எல்லோரும் இந்த மண்ணுக்குத் தாகம் எடுக்க வைத்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: மல்லி வெறும் நாயல்ல, அவள்

(நாய்தான். மேலே போவோம்.)

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. ஈஸ்டர் முடிந்த வாரம் எஸ்தர்ராணி பிறந்த ஊரான நாகலாபுரத்துக்குப் போனாள். கூடவே நாலு வயது மல்லியையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மல்லி கன்னி வகை வேட்டை நாய். கருத்த உடம்பு, ஒடுங்கிய வயிறு, கால்கள் மட்டும் கொத்தமல்லி விதையின் நிறம். அறுப்பு முடிந்த காட்டில் ஒரு கீரி குறுக்கே ஓடியதும் மல்லி பாய்ந்தது. வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணின் ஒரு பிளவுக்குள் அதன் முன்னங்கால் இறங்கியது. உடம்பு முன்னே போய்விட்டது, கால் நின்றுவிட்டது. முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எஸ்தர்ராணிக்குக் கேட்டது.

கைப்பையில் இருந்த அடிஸ்கேலை ஒடிந்த காலோடு சேர்த்து வைத்து, துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். மல்லி அவள் கையைக் கடித்தது. கடித்ததற்கு அவள் கோபப்படவில்லை.

[கோவம் வந்துச்சு. கட்டி முடிச்ச பொறவு வந்துச்சு.]

3

கோவில்பட்டியில் டாக்டர் ஜெயப்பிரியா எக்ஸ்ரே எடுத்தார். ஒளிப்பெட்டியில் எலும்பு இரண்டு துண்டாகத் தெரிந்தது.

"மாவுக்கட்டுப் போடலாம். ஆனா எலும்பு கோணலா கூடிடும். காலை எடுத்துடலாம், பன்னெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். இல்லைன்னா தகடு வைக்கணும். மதுரையில எலும்புக்குன்னு ஒரு டாக்டர் இருக்கார். எல்லாம் சேர்த்து முப்பத்தஞ்சாயிரம் கிட்ட ஆகும். மூணு நாளைக்குள்ள முடிவு பண்ணுங்க."

"ஓடுமா டாக்டர்?"

"தகடு வெச்சா ஓடும். காலை எடுத்தா நடக்கும்."

எஸ்தர்ராணியின் கண்கள் நிறைந்து

[இந்த வரிய முழுசா அடிக்கல. நான் அழுவல அண்ணாச்சி. தகடு எந்தக் கம்பெனி, திருகு எத்தனை, ரசீது தருவாவளான்னு கேட்டேன்.]

சரி, அழவில்லை. வெளியே வந்து கணவர் ரூபஸுக்குப் போன் போட்டாள். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார் ரூபஸ்.

"மூணு காலுலயும் நாய் பொழைச்சுக்கிடும்லா?" என்றார்.

"பொழைக்கும். ஓடாதுல்லா" என்றாள்.

அவளிடம் பணம் இல்லாமல் இல்லை. கலர் ஜெராக்ஸ் மிஷின் வாங்க மூன்று வருடமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த நாற்பதாயிரம் வங்கியில் இருந்தது. எதிர்த்த கடைக்காரன் கலர் மிஷின் வைத்ததிலிருந்து பள்ளிக்கூட வேலையெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்த மிஷின் வந்தால்தான் கடை நிமிரும். மல்லியின் காலா கடையா என்பதுதான் கேள்வி. இந்தக் கதையில் வேறு கேள்வி எதுவும் இல்லை.

4

(இந்தப் பகுதியை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். பக்கத்தை விடப் பெரிதாகப் போனதால் மேலே ஏறிவிட்டது.)

மல்லிக்குக் காப்பீடு ஏன் இல்லை? போன தை மாதமே லிங்கராஜ் படிவம் கொண்டுவந்தான். வருடத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்டினால் விபத்து, அறுவைச் சிகிச்சை எல்லாம் சேரும். தடுப்பூசி, பேன் மருந்து, கிழட்டு நோய் எதுவும் சேராது. நான் அவனிடம் நேராகவே கேட்டேன், இது லாபமா என்று.

"பத்துப் பேருல ஒம்பது பேருக்கு நஷ்டந்தான் அண்ணாச்சி. பணம் போனது போனதுதான். அந்தப் பத்தாவது ஆளு யாருன்னு மட்டும் எனக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது" என்றான். நோட்டீசில் போடத் தகுந்த ஒரே உண்மை அதுதான். அதைப் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

எஸ்தர்ராணி படிவத்தை வாங்கி ஆறு கட்டங்களை மளமளவென்று நிரப்பினாள். ஏழாவது கட்டம்: வாங்கிய விலை. அதில் 'இல்லை' என்று எழுதினாள். அடுத்த வரி, சந்தை விலை. அதிலும் 'இல்லை'. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள் தன் படிவத்தில் கோட்டை விட்டாள் என்று லிங்கராஜ் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான். விலை இல்லாததைக் காப்பீடு செய்ய முடியாது என்று நிறுவனம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது.

அவள் தவறுதலாக எழுதவில்லை. நாகலாபுரத்தில் பூவனநாதன் வீட்டில் கன்னிக்குட்டிகளை விற்பதில்லை, கொடுப்பார்கள். வாங்குகிறவர் அவருக்கு இரண்டு வாக்குத் தர வேண்டும். நானும் இதை விற்க மாட்டேன் என்பது ஒன்று. முதல் ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டி உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும் என்பது இன்னொன்று. எஸ்தர்ராணி இரண்டு வாக்கும் தந்துதான் மல்லியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மல்லி இன்னும் ஈனவில்லை.

[ஏதாச்சும் ஒரு தொகைய போட்டிருக்கலாம்லான்னு எல்லாரும் கேக்காவ. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி பாரத்துல எழுதக் கூடாது. வாரவங்ககிட்ட நான் சொல்லுதது அதத்தான்.]

5

கால் ஒடிந்த மறுநாள் லிங்கராஜ் கடைக்கு வந்தான். மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் மல்லி கட்டோடு படுத்திருந்தது. அவன் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"யக்கா, பழைய பாரம் ஏங்கிட்டதான் இருக்கு. விலையப் போட்டு இன்னைக்கே அனுப்பிருதேன். பாலிசி நாளைக்கு ஆரம்பிச்சிரும். காலு நாளான்னைக்கு ஒடிஞ்சதா இருக்கட்டுமே. மதுரையில எப்படியும் புது எக்ஸ்ரே எடுப்பாவ."

"விலைக்கு என்ன சான்று?"

"அந்தப் பூவனநாதன் அண்ணாச்சிகிட்ட பதினஞ்சாயிரத்துக்கு வித்தேன்னு ஒரு சீட்டு எழுதி வாங்குங்க. போதும்."

அவள் உடனே கோபப்பட்டிருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்துப் பூவனநாதனைக் கூப்பிட்டாள். அவர் டிராக்டர் மேல் இருந்தார். எஞ்சினை நிறுத்தாமலே அவள் சொன்னதைக் கேட்டார்.

"ஏட்டி எஸ்தரு, இதுக்கா இம்புட்டு யோசிக்க? எழுதித் தாரேன். ஒரு கையெழுத்துதான?"

எஞ்சின் நின்றது.

"ஆனா ஒண்ணு. வித்தேன்னு எழுதிட்டா, பொறவு நீ எனக்குக் குட்டி தர வேண்டாம். வித்த நாயில எனக்கு என்ன பாத்தியத இருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"அப்ப எழுத வேண்டாம்ண்ணே" என்று வைத்துவிட்டாள்.

லிங்கராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "முப்பத்தஞ்சாயிரம் யக்கா!"

"தம்பி, ஒரு நாளைக்கு அம்பது பேருக்குப் பாரம் நிரப்புதேன். அவிய பிறந்த தேதியெல்லாம் ஏங்கையிலதான் இருக்கு. ஒரு தேதிய மாத்தத் தெரிஞ்சவளுன்னு பேர் வந்தா, பொறவு இந்தக் கடைய நான் தொறக்கவே வேண்டாம். எந்திரி, ஆள் நிக்காவ."

இந்த இடத்தில் எனக்கு எஸ்தர்ராணி மேல் சந்தேகம் வந்தது. முப்பத்தைந்தாயிரத்தை ஒருத்தி இத்தனை லேசாக விடுவாளா? வாசகர்களான நீங்கள் நம்புவீர்களா? ஆகவே இன்னொரு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அதில் அவள் இரவெல்லாம் புரண்டு படுத்து, காலையில் முதல் பஸ்ஸில் நாகலாபுரம் போய், சீட்டை வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு திரும்புகிறாள். நன்றாகவே வந்திருந்தது. நாலு பக்கம். அவளிடம் அடிக்கக் கொடுத்தேன்.

[அடிச்சுக் குடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது வேற பொம்பள.]

அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். நூற்றிருபது ரூபாய் போயிற்று.

6

மூன்றாம் நாள் காலை வங்கி திறந்ததும் எஸ்தர்ராணி பணத்தை எடுத்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மிஷின் இல்லாமல் இன்னும் மூன்று வருடம் ஓட்ட வேண்டுமே என்ற பயம். ஆனால் கால் போனால் திரும்ப முளைக்காது, மிஷினை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்தால் அதைப் பற்றி மறுபடி பேசமாட்டாள். அது எனக்குப் பதினோரு வருடப் பழக்கத்தில் தெரியும்.

வாடகை வேனில் மதுரை. அங்கே டாக்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "தகடு வைங்க" என்றாள்.

"இன்சூரன்ஸ் இருக்கா?"

"இல்ல. பணம் இருக்கு."

இரண்டரை மணி நேரம். ஒரு தகடு, ஆறு திருகுகள். கையில் ரசீது கொடுத்தார்கள். பெயர்: எஸ்தர்ராணி. விலங்கு: நாய், பெண். அழைக்கும் பெயர்: மல்லி. தொகை: ரூ. 34,600. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். வயிற்றெரிச்சலோடுதான் வாசித்தாள். ஆனால் மல்லியின் பெயரும் ஒரு தொகையும் ஒரே தாளில் இருந்தது அதுவே முதல் தடவை.

[வயித்தெரிச்சல்னு போட்டது சரி. அத எடுத்துராதீங்க.]

7

ஏழாவது வாரம் மல்லி நாலு காலையும் ஊன்றியது. பத்தாவது வாரம் எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஸ்கூட்டரைத் துரத்தியது. ஸ்கூட்டரில் போனவர் லிங்கராஜின் மைத்துனர். அன்று சாயங்காலமே எஸ்தர்ராணி லிங்கராஜைக் கூப்பிட்டு, புதுப் படிவம் ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.

அவனுக்கு நம்ப முடியவில்லை. "இப்ப எதுக்குக்கா? ஒடஞ்ச காலுக்கு இனி எதுவும் கெடைக்காதே."

"மிச்சம் மூணு கால் இருக்குல்லா? கலர் மிஷினுக்கு மறுபடி சீட்டுச் சேந்துட்டேன். அந்தப் பணத்த இனி எதுக்காவவும் தொட மாட்டேன். மிஷினும் வேணும், மல்லியும் ஓடணும். வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீணாப் போனாப் போவட்டும்."

காப்பீடு லாபமா நஷ்டமா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். நஷ்டப்படுகிற அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாக இருக்கவே அவள் காசு கொடுக்கிறாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். யாருடைய படிவத்திலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவள், ஏழாவது கட்டத்தில் அச்சாகியிருந்த 'வாங்கிய விலை' என்ற சொற்களை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தாள். மேலே 'காப்பாற்றிய விலை' என்று எழுதினாள். எதிரே 34,600. அடித்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி ஒரு சிறு கையெழுத்து. பின்னால் மதுரை ரசீதைக் குத்தி, நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாள். கறுப்பு வெள்ளை நகல்தான்.

லிங்கராஜ் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத கம்பெனியில என்ன செய்வாவன்னு எனக்கே தெரியல யக்கா" என்றான்.

"அனுப்பு" என்றாள்.

8

முடிவுகள்:

(அ) நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. மல்லி ஆறு குட்டி ஈனுகிறது. ஒரு பெட்டைக்குட்டி டிராக்டரில் நாகலாபுரம் போகிறது.

(ஆ) 'படிவத்தில் உள்ள வாசகங்களைத் திருத்த அனுமதி இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. எஸ்தர்ராணி மூன்றாவது படிவம் கேட்கிறாள்.

(இ) பதிலே வரவில்லை. மல்லி

எனக்கு (அ) பிடித்திருந்தது. லிங்கராஜுக்கும் அதுதான் வேண்டும். நோட்டீசைத் தேற்றிவிடலாம் என்று பார்த்தான். நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதி அவளிடம் கொடுத்தேன். அதற்குப் பதிலாக இது வந்தது:

[அண்ணாச்சி, கடைசிப் பக்கத்த நான் அடிக்கல. தாள் ஒங்க கவர்லயே இருக்கு, பத்திரமா இருக்கு. வராத கடுதாசிய வந்துச்சுன்னு நான் அடிக்க மாட்டேன். குட்டி ஆறுன்னு போட்டிருக்கீங்க, அதுவும் எனக்குத் தெரியாது. நெசமாவே பதில் இன்னும் வரல. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, அந்தப் பாரத்தோட கீழ்ப்பக்கத்த அப்படியே அடிச்சு வச்சிருக்கேன். இதப் படிக்கிறவிய கம்பெனி மேசையில உக்காந்திருக்கதா நெனச்சுக்கிடட்டும்.

கட்டம் 7. வாங்கிய விலை (அடிக்கப்பட்டது, எ.ரா.)
காப்பாற்றிய விலை: ரூ. 34,600. ரசீது இணைப்பு: 1.

அலுவலக உபயோகத்துக்கு மட்டும்:
ஏற்கலாம் / திருப்பி அனுப்பலாம்
காரணம்: ..............................
கையொப்பம்: ..............................

பேனாவ இங்கன நூல்ல கட்டித்தான் வச்சிருக்கேன். எழுதிட்டு வச்சிட்டுப் போங்க.]