கிரான்வில் பார்த்த பாம்புகள்

வந்ததும் முதல் வேலையாக என் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பான். காற்று அதிகம் என்பான். வால்வைத் திறந்து கொஞ்சம் போகவிடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கண் கலங்கக் கூடாது. அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம்.

மெர்ல் இதை நினைத்து முடிப்பதற்குள் கிரான்வில்லின் பிக்கப் ஆப்பிள் தோட்டத்து வேலியோரம் வந்து நின்றது. இறங்கினான். பின்பக்கத்திலிருந்து சைக்கிளைத் தூக்கி வைத்தான். நேராக வந்து அவளுடைய பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான்.

“காத்து ஜாஸ்தி, மெர்லி. நேத்து பெஞ்ச மழைக்கு இவ்வளவு ஆகாது.”

கண் கலங்கவில்லை. அந்தமட்டில் நல்லது.

அவன் அவளை விட்டு ஷர்லீனோடு கடலோரத்துச் சாமர்செட் வெஸ்ட்டுக்குக் குடிபோய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. கூச்சல், கோர்ட்டு என்று எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் நாகரிகமாகப் பிரிந்தார்கள் என்று கிராபோ ஊர் முழுக்கச் சொன்னது. கராஜ் சுவரில் அவன் சைக்கிள் தொங்கிய கொக்கியில் இப்போது அவள் குடையை மாட்டுகிறாள். அந்தக் கொக்கிக்கு ஒரு குடை போதவில்லை என்று சில நாட்களில் தோன்றும்.

புதன்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னான். பயிற்சியில் விழுந்து ஷர்லீனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. அடுத்த மாதம் மூன்று நாள் மலைச் சைக்கிள் பந்தயம். இந்தப் பக்கத்துப் பெரிய பந்தயங்களில் தனி ஆளுக்கு இடமில்லை, ஜோடியாகத்தான் பேர் கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்தால் தண்டனை. அவன் கொடுத்திருந்தது ஆண் பெண் ஜோடி. பேரை மாற்ற இன்று, ஞாயிறு சாயங்காலம் வரைதான் நேரம்.

“முதல்ல ஒரு தடவை சேர்ந்து ஓட்டிப் பாப்போம். அப்புறம் நீ சொல்லு” என்றிருந்தான். அவள் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு யாரிடமும் சரி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தடத்தின் வாசலில், பைன் மரத்தடியில், செனோபியா கடை போட்டிருந்தாள். பாகில் முக்கித் தேங்காய்ப்பூவில் புரட்டிய கூசிஸ்டர் பலகாரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கிரான்வில்லைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“அடேயப்பா, யாரு வந்திருக்கிறது! கடலோரத்துல கூசிஸ்டர் கிடைக்கலியா?”

“உன் கைப்பக்குவம் வராதே, செனோபியா.”

“இந்த வாயை வச்சுத்தான்யா பொழைக்கிறே நீ.” அவனுக்கு இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அவன் கழிவறைப் பக்கம் போனதும் மெர்லுடைய கையைப் பிடித்தாள். “ஏன்டி, டியூப் வெடிச்சா ஸ்பேர் டியூப் தேடுவாங்களே, அந்த மாதிரி தேடி வந்திருக்கான். உனக்குப் புரியுதா இல்லியா?”

“புரியுது.”

“புரிஞ்சுமா?”

“புரிஞ்சா பசிக்காதா, செனோபியா?”

செனோபியா இன்னொரு கூசிஸ்டரை எடுத்து மெர்லுடைய சட்டைப் பைக்குள் திணித்தாள்.

ஏற்றம் தொடங்கியது. கிரான்வில் முன்னால், அவள் பின்னால். அப்படித்தான் எப்போதும். இதில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் தடத்தைப் பார்க்க வேண்டும், பாம்பைக் கண்டால் இந்த ஊர் மொழியில் “ஸ்லாங்!” என்று கத்த வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னவருடைய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். கல்யாணமான புதிதிலிருந்து அவள் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மலைகளை ஏறி இறங்கியிருக்கிறாள். மலைகள் நினைவில் இல்லை. சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் நினைவிருக்கிறது.

அவன் போன பிறகுதான் அவளுக்குத் தடம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. முதல் மாதங்களில் திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கித் தள்ளினாள். விழுந்த கிளையெல்லாம் பாம்பாகத் தெரிந்தது. அப்புறம் நிஜப் பாம்பு தெரிந்தது. முதல்முறை ஒரு மஞ்சள் நாகம், தலையைத் தூக்கிக்கொண்டு, பத்தடி தூரத்தில். பிரேக்கை இறுக்கிவிட்டு அவள் வாய்விட்டு “ஸ்லாங்!” என்று கத்தினாள். கத்தின பிறகுதான் பின்னால் யாரும் இல்லை என்பது உறைத்தது. பைன் தோப்பு அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டது. நாகம் தன் வேலையைப் பார்த்துப் போனது. அன்று அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பயத்தினால் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. வண்டித் தடத்துப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஆமையைக் கல்லிலிருந்து பிரித்து அறிந்தாள். மரத்தில் பச்சைப் பாம்பு இருந்தால் சிறு பறவைகள் எப்படித் திட்டும் என்று காது கற்றது. பபூன் குரங்குக் கூட்டத்துக் காவல்காரக் கிழவன் எந்தப் பாறையில் உட்காருவான் என்று தெரிந்தது. ஒரு விடியலில் ஈரமண்ணில் சிறுத்தையின் பாதம், உள்ளங்கை அகலத்தில், ஓரம்கூடக் கலையாமல். பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தபோது, இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்ற கேள்வி சமையலறையில் அவளுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது.

சொல்லலாமே, இப்போது.

“போன மாசம் மேல ஒரு சிறுத்தைத் தடம் பாத்தேன்” என்றாள், மூச்சு வாங்கியபடி.

“நாயா இருக்கும்” என்றான் அவன் திரும்பாமல். “கியரை இறக்கு, மெர்லி. முட்டிக்கு நல்லதில்ல.”

அவள் கியரை இறக்கினாள். முட்டிக்கு உண்மையிலேயே சுகமாக இருந்தது. அதுதான் கஷ்டம். அவன் சொன்னது சரியாக இருந்தது, குரல் கதகதப்பாக இருந்தது. அடிக்கடி “வர்றியா?” என்று கேட்டான். “வர்றேன்” என்றாள். இந்த இரண்டு சொற்கள் அவள் வாழ்க்கையிலிருந்து காணாமல் போயிருந்தன. வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று ஊராருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், எத்தனையோ பேர் பேசுகிறார்கள், வர்றியா என்று ஒருவரும் கேட்பதில்லை. உச்சிக்கு வந்தபோது அவளுக்குள் பதில் ஏறக்குறைய தயாராகிவிட்டது. ஸ்பேர் டியூப் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று நாள் ஒரு மனிதனுக்குப் பின்னால். மூன்று நாள் ஒன்றையும் பார்க்க வேண்டியதில்லை.

கீழே அணைக்கட்டு பளபளத்தது. கிரான்வில் தண்ணீர் குடித்துவிட்டு அவளிடமும் நீட்டினான்.

“நல்லா ஏறினே. ஷர்லீன் இந்த இடத்துல நாலு தடவை நிப்பா.”

“அவளைப் பத்தி எங்கிட்ட அப்படிச் சொல்லாதே.”

“சும்மா சொன்னேன்.” சிரித்தான். “இறக்கத்துல ஒட்டிக்கிட்டே வா. பந்தயத்துலயும் இப்படித்தான். நான் பாத்துக்கறேன்.”

இறக்கம் ஃபைன்போஸ் புதர்களுக்கு நடுவே ஒற்றையடித் தடமாக வளைந்து வளைந்து போனது. வெயில் அப்போதுதான் அந்தச் சரிவைத் தொட்டிருந்தது. குளிர்காலம் முடிந்த செப்டம்பர் மாதத்துக் காலை வெயில். குளிரில் மடங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்து முதுகைக் காயவைக்கும் நேரம். அவள் அவன் சக்கரத்தைப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. கண் தானாகவே பக்கவாட்டில், முன்னால், வளைவுக்கு அப்பால் என்று ஓடிக்கொண்டிருந்தது. கற்றுக்கொண்டதை மறக்கக் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வளைவில் கண்டாள். தடத்தின் இடதோரம், உதிர்ந்த புரோட்டியா இலைகளோடு இலையாக, தடித்த விரியன் ஒன்று. முதுகில் வி வடிவக் கோடுகள் வரிசையாக. கிரான்வில் கைப்பிடியை வளைத்தபடி எதையோ சொல்லிக்கொண்டே அதைக் கடந்தான். அவன் வலதுகால் மேலே, இடதுகால் கீழே. கீழே போன பாதம் அதன் தலைக்கு மேலாகப் போய்வந்தது. அவன் கத்தவில்லை. திரும்பவில்லை. பேச்சு அறுபடவில்லை.

மெர்ல் பிரேக்கைப் பிடித்து நின்றாள். காலை ஊன்றி, மெதுவாகச் சைக்கிளை இரண்டடி பின்னுக்கு நகர்த்தினாள்.

விரியன் ஊதிப் பெருத்திருந்தது. நீளமாக, ஓட்டை வழியே காற்று போவதுபோல், சீறியது. கொஞ்ச நேரம் இருவரும் அசையவில்லை. பிறகு அது தணிந்தது. நெளியாமல், கம்பளிப்பூச்சி நகர்வதுபோல நேர்கோட்டில், அவசரமே இல்லாமல் தடத்தைக் கடக்கத் தொடங்கியது. ஈரமண்ணில் கிரான்வில்லின் டயர் பதிந்த கோட்டின்மேல் அது ஊர்ந்தபோது, எவ்வளவு அருகில் போயிருக்கிறான் என்று தெரிந்தது. ஒரு விரல் இடைவெளி.

அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணம் நெஞ்சு பதறியது. அது அடங்கிய பிறகு வேறொன்று வந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்தது. எத்தனை வளைவுகள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நான் பத்திரமாக வந்தது அவன் பார்த்ததினாலா? அவன் ஏமாற்றவில்லை. பார்த்த பாம்புக்கெல்லாம் கத்தத்தான் செய்தான். பார்த்தது அவ்வளவுதான். மீதிப் பாம்புகள் பெருந்தன்மையாக இருந்திருக்கின்றன. அவற்றின் தயவை நான் கணவனின் தயவு என்று நம்பியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு இதமாக இருந்தது! இனி அது வராது. அவனே திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்தாலும் வராது.

விரியனின் வால்நுனி புதருக்குள் மறைந்தது. ஒரு தேன்சிட்டு புரோட்டியாப் பூவில் வந்து அமர்ந்து எழுந்து போனது. மெர்ல் அங்கேயே நின்றாள்.

கீழிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. கிரான்வில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தான், முகம் சிவந்து.

“என்ன, பஞ்சரா?”

“இல்ல.”

“விழுந்தியா?”

“இல்ல. நின்னேன்.”

“நின்னியா? ரெண்டு நிமிஷம் எப்பவோ தாண்டியாச்சு, மெர்லி. பந்தயமா இருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்.”

“இங்க ஒரு பொஃபாடர் விரியன் கிடந்துச்சு. இந்த ஓரத்துல. உன் காலுக்குக் கீழ.”

அவன் ஓரத்தைப் பார்த்தான். இலைகள்தான் இருந்தன. ஈரமண்ணில் அகலமாக ஒரு இழுப்பு, அவனுடைய டயர் கோட்டை அழித்துக்கொண்டு போயிருந்தது. அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

“இருந்திருந்தா நான் பாத்திருப்பேனே” என்றான். கேலி இல்லை, மனதாரச் சொன்னான். “எப்பவாவது கத்தாம வந்திருக்கேனா நான்?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். புருவத்தில் வியர்வை நின்றது. பொய் சொல்லத் தெரியாத முகம் என்று அவள் அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள், அது உண்மைதான்.

“இல்ல” என்றாள். “பாத்தப்பல்லாம் கத்தியிருக்கே.”

“அவ்வளவுதானே.” அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தான். “சரி, கீழ போனதும் சிக்னல் கிடைக்கும். உன் பேரைப் போட்டுடறேன். சட்டை மீடியம்தானே? ஷர்லீனோடதே உனக்குச் சரியா இருக்கும்.”

காற்று எழுந்து புதர்களை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போனது. இன்றைக்குச் சாயங்காலம் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

“போடாதே, கிரான்வில்.”

“என்னது?”

“என் பேரைப் போடாதே. வேற யாரையாவது கேளு.”

“ஒரு பாம்புக்காகவா? மெர்லி, ஒரு தடவை யோசி. தனியாவே சுத்திக்கிட்டிருக்கப் போறியா?”

அவள் சைக்கிளை அவனைச் சுற்றிப் பதமாகத் தள்ளிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்தாள். அடுத்த வளைவை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, பிரேக்கை விட்டாள்.