அலாரம் அக்காவின் பெயரில்

மருத்துவமனையின் தகவல் பாதுகாப்புத் திட்டத்தை எழுத என்னை நியமித்தபோது, அதன் முதல் பக்கத்தைப் பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு வெளியே போயிருந்தது. அதைக் கணினியில் திறந்தவரைக் கண்டுபிடித்து வேலையை விட்டுத் தூக்க வேண்டும். திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணினிப் பதிவைப் பார்த்தேன். ரத்தம் எடுக்கும் மூத்த நர்ஸின் பெயர் இருந்தது. தினமும் ஆறு மணிக்கு முதல் ஆளாக வருவதால் அவருக்கு அலாரம் அக்கா என்று பட்டப்பெயர். பெயரைக் கொடுத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

விளக்கம் கேட்கும் கடிதத்தோடு மறுநாள் காலையிலேயே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போய் நின்றேன். அக்கா ஜன்னல்களைத் திறந்தார், கடவுச்சொல்லைப் போட்டார். திரையில் வட்டம் ஒன்பது நிமிடம் சுற்றியது. அதற்குள் வெறும் வயிற்றோடு வந்திருந்த இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதே திரையில், அக்காவின் பெயரிலேயே வேலை பார்த்தார்கள். வரிசை வாசல்வரை நிற்கும்போது இன்னொரு ஒன்பது நிமிடத்துக்கு எங்கே போவார்கள்?

ஓடிப்போய்ப் பதிவை மறுபடி பார்த்தேன். முடிவைத் திறந்தது மாலை நான்கு மணிக்கு. அக்கா இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். பெயரைப் பார்த்த மகாபுத்திசாலி நேரத்தைப் பார்க்கவில்லை.

தப்பு என்னுடையது என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். அப்படியானால் யார் என்று எரிந்து விழுந்தார்.

“தெரியாது சார். தெரியாதபடி நாமதான் வச்சிருக்கோம்.”

இரண்டு நாள் கழித்து முதல் பக்கத்தை மாற்றச் சம்மதித்தார். புதிய பக்கத்தின்படி, ஊழியர்கள் அடையாள அட்டையைக் கணினியில் காட்டினால் பத்து நொடியில் அவரவர் பெயரில் நுழையலாம். அட்டைகள் வர இரண்டு மாதமாகும்.

அக்கா முன்னால் கடிதத்தைக் கிழித்துப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை.

“இருபது வருஷமா முதல் ஆளா வந்துட்டிருக்கேன். இனிமே எல்லாரையும் மாதிரி லேட்டாவே வரட்டுமா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே போய், ஒன்பது நிமிடம் காத்திருந்து, கணினியை என் பெயரில் திறந்து வைத்தேன். நான் எழுதும் திட்டத்துக்கே இது விரோதம்தான். அட்டைகள் வரும்வரை எது வெளியே போனாலும் என் தலை உருளட்டும்.

ஆறு மணிக்கு அக்கா வந்தார். திரையில் இருந்த பெயரைப் படித்தார். பையை மாட்டிவிட்டுக் கையுறையை எடுத்தார்.

“முதல்ல வந்தவங்கதான் ஜன்னல் தொறக்கணும்” என்றார்.