ஓர் இழை உறங்கியபோது

சோதனை எச்சரிக்கை போனதும், வால்வுகள் மூடியதைக் காட்டும் சுவர்ப் பலகையில் பச்சை விளக்குகள் மளமளவென்று எரிந்து, பாதியில் நின்றன. ஒரு மூச்சை இழுத்துவிடும் நேரம் கழித்தே எஞ்சியவை எரிந்தன.

"இந்த இடைவெளியில நெஜமாவே நிலம் ஆடியிருந்தா?" என்றார் தொழிற்சாலையின் பாதுகாப்புத் தலைவி ஃபான். "பாதி வால்வு தொறந்தே கெடக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் நின்னா பழசே போதும்."

தைவானில் ஷின்சூ நகரின் அந்தக் கணினிச் சில்லுத் தொழிற்சாலைக்கு நிலநடுக்க எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் நிரலை லூ பெய்ஷான் ஓராண்டாகத் திருத்தி எழுதியிருந்தாள். பழைய நிரலில் ஒவ்வொரு வாயு வால்வுக்கும் ஒரு தனி இழை, அதாவது தனியே ஓடும் ஒரு வேலைத்தொடர்; அதை நிர்வகிப்பது கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல். ஒவ்வொரு செய்திக்கும் கெர்னலின் வாசலுக்குப் போய்த் திரும்பும் அலைச்சல். அவளோ எல்லா இழைகளையும் நிரலுக்குள்ளேயே வைத்து, கெர்னல் அறிந்த ஒரே இழையின் முதுகில் ஏற்றியிருந்தாள். செய்திகளும் கட்டுக்கட்டாக ஒரே நடையில் போயின.

பழையதை எழுதிய செங்ஹான், இயந்திரம் அடங்கி நடக்கட்டும் என்று அவ்வூர் வழக்கப்படி சர்வர்மேல் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைத் தட்டினான்.

"இது காலாவதி ஆயிடுச்சோ என்னமோ. அதான் மிஷின் சொன்ன பேச்சு கேக்கல."

"வயித்தெரிச்சல்ல பேசாதீங்க அண்ணே."

"எனக்கென்னம்மா எரிச்சல்? என்னோடது ஆமைதான். ஆனா நடுவழியில தூங்காது."

அவள் கெர்னல் அழைப்புகளைப் பின்தொடரும் கருவியை ஓடவிட்டாள். அழைப்புகள் சிலவே, அவள் பெருமைப்பட்ட எண்ணிக்கை அது. அவற்றுள் ஒன்று மட்டும் நெடுநேரம் படுத்துக் கிடந்தது: அனுப்பியவற்றின் பதிவு வன்தட்டில் எழுதப்படும்வரை காத்திருக்கும் அழைப்பு. அது படுத்ததும் அந்த ஒற்றை இழையும், அதன் முதுகிலிருந்த அத்தனையும் படுத்தன. அலுவலகத்தில் வேகத்தை அளக்கும் அவசரத்தில் அவள் பதிவுக் கோப்பை நினைவகத்தில் வைத்திருந்தாள். நினைவகம் எவரையும் காக்கவைப்பதில்லை; அதனால் இந்தத் தூக்கம் அங்கே தெரியவில்லை.

"காத்திருக்கிற வேலைய மட்டும் தனி கெர்னல் இழைக்குத் தள்ளிட்டா சரியாயிடும்," என்றாள்.

"தள்ளு. அதுவரைக்கும் எது ஓடணும்?" என்று கேட்டார் ஃபான்.

"அவரோடது." சொல்லும்போது கசந்தது.

சோற்றுப்பெட்டியைத் திறக்காமலே அவள் திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அறையிலிருந்த கைப்பேசிகள் அனைத்தும் ஒருசேர அலறின. இது பயிற்சியன்று. பலகையில் விளக்குகள், பழைய நிரலின் நடையில், ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"சீக்கிரம், சீக்கிரம்," என்று முணுமுணுத்தான் செங்ஹான்.

தரை குலுங்கிற்று. பொட்டலம் சரிந்து விழுந்தது. பலகையின் கடைசி வரிசை அப்போதும் இருண்டே இருந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகே எரிந்தது. ஒரு குழாயும் உடையாதது அவர்களது நல்லகாலம்.

"எல்லாம் எரிஞ்சுடுச்சு இல்ல?" மேசையடியிலிருந்து எழுந்தார் ஃபான்.

அவர் பார்த்திருக்கவில்லை. பெய்ஷான் தன் திரைப்பக்கம் திரும்பி, விட்ட வரியைத் தொடர்ந்தாள்.

"கடைசி வரிசை லேட்டு மேடம்," என்றான் செங்ஹான். "ஆட்டம் முந்திக்கிச்சு." தன் நாற்காலியை அவள் திரையருகே இழுத்தான். "எங்க, அந்தத் தனி இழையக் காட்டு."

இருவருமாக ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தபின், சோதனைச் செய்தியை ஃபானே அனுப்பினார். பலகை ஒரே வீச்சில் பச்சையாயிற்று, எங்கும் நிற்கவில்லை.

"பின்னதிர்வு வரும்," என்றார் ஃபான், இம்முறை செங்ஹானைப் பார்த்து. "எது ஓடணும்?"

"அவளோடது," என்றான். அவனுக்கும் கசந்திருக்க வேண்டும்.