தபால் வண்டி நேரத்துக்குப் போகிறது

எங்கள் பள்ளத்தாக்கில் தபாலையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஓடியவை டாலிவர் மாமாவின் குதிரை வண்டிகள். என் மனைவி அடலீன் அவருடைய மகள். எங்கள் தெற்கு மாநிலங்களுக்கு வடக்கோடு போர் மூண்ட வருடம் காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகும் நான் அவர் வீட்டிலேயே இருந்தேன். போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போக எனக்குத் தோன்றவில்லை.

தபால் வண்டி ஓட்டுகிறவனைப் படைக்குப் பிடிக்கக் கூடாது என்று தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் சட்டம் போட்டார்கள். அந்த வாரமே பெரிய தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டும் ஆசை வந்துவிட்டது. அப்பாக்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாமா பேச்சோடு பேச்சாக ஆற்றோர நிலம் எப்படி விளைகிறது என்று விசாரிப்பார். சீக்கிரமே சாலையின் இரண்டு பக்கமும் அவருடையதாகிவிட்டது.

ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் நின்று, “என் லாயத்துல இருக்கிற கடைசிக் குதிரை வரைக்கும் நாட்டுக்குத்தான்!” என்று முழங்குவார். படை அதை நம்பியது. வந்து வந்து ஓட்டிக்கொண்டு போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு வண்டி, இரண்டு கிழட்டுக் குதிரைகள், பன்னிரண்டு வண்டிக்காரர்கள். நானும் அதில் ஒருவன்.

உண்மையில் ஓட்டியவன் மாமாவின் அடிமை சைலஸ். வண்டிக்காரர்கள் உள்ளே சீட்டாடுவார்கள். ஊர் நெருங்கும்போது யாராவது ஒருவன் மேலே ஏறிக் கடிவாளத்தை வாங்கிக்கொள்வான்.

மாமாவுக்கு ஒரே பயம், என் மைத்துனன் லூதர். பத்தொன்பது வயது. அவனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன்.

“பொண்ணைப் புதைச்சுட்டேன் மாப்பிள்ளை. இவனையும் என்னால புதைக்க முடியாது. வண்டி ஓடுற வரைக்கும் இவன் உயிரோட இருப்பான்” என்று ஒருமுறை சொன்னார்.

அன்று விடியற்காலையில் நான் சாலையோரக் கல்லறையில் அடலீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது. வழக்கமாகப் போகும் தெற்கே அல்ல, வடக்கே, ஆற்றைப் பார்த்து. ஆற்றைத் தாண்டிவிட்டால் அடிமைக்கு விடுதலை. மேலே சைலஸ். உள்ளே தோல் இருக்கையில் அவன் மனைவி ஹெஸ்டரும் குழந்தைகளும். ஹெஸ்டர் தலையில் நல்ல தொப்பி.

சைலஸ் என்னைப் பார்த்தான். கடிவாளம் ஒரு கணம் இறுகியது. நான் தொப்பியைக் கழற்றினேன். அவனும் கழற்றினான். வண்டி போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி ரொட்டி தின்றேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மதியம் படைக்கு ஆள் பிடிக்கும் கேப்டன் சிப்பாய்களோடு வந்தார். நாங்கள் முற்றத்தில் நின்றோம். லூதர் மட்டும் மாடியில் இன்னும் தூக்கத்தில்.

“வண்டி எங்க ஐயா?”

“போயிருக்கு” என்றார் மாமா. லாயம் காலி என்பது அவருக்குக் காலையிலேயே தெரியும். சைலஸின் குடிசை காலி என்பதும் தெரியும்.

“யாரு ஓட்டிட்டுப் போறா? வண்டிக்காரங்க எல்லாம் இங்கல்ல நிக்கிறாங்க? குதிரைங்களே ஓட்டக் கத்துக்கிச்சா?”

மாமா மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என் பையன் லூதர் ஓட்டிட்டுப் போறான்.”

“சரி. ஒரு வண்டி, ஒரு ஆளு. மத்தவங்க மூட்டையைக் கட்டுங்க.”

“கேப்டன், எங்கப்பா ஆத்தோர நிலமே குடுத்திருக்காரு!” என்று ஒருவன் கத்தினான்.

“நல்லதாப் போச்சு தம்பி. அதைக் காப்பாத்தத்தான் கூப்பிடுறேன்.”

மாமா என் பக்கம் வந்தார். “மாப்பிள்ளை...”

“பரவாயில்ல மாமா.”

அப்போது ஹாப்ஸ் குதிரையில் பாய்ந்து வந்தான். ஓடிப்போகும் அடிமைகளைப் பிடித்துத் தருவது அவன் பிழைப்பு.

“ஐயா! உங்க சைலஸ் உங்க வண்டியிலயே பொண்டாட்டி பிள்ளையோட வடக்க போறான்! ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள அமுக்கிடுறேன்.”

கேப்டன் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

சைலஸை விட்டுவிட்டால், சாலையின் இரு பக்கமும் இருந்த நிலத்தை உழ இனி ஆள் இல்லை.

“ஏன்டா கத்துற? வண்டியில லூதர் இருக்கான். சைலஸ் துணைக்குப் போறான்.”

“வடக்கயா?”

“படைக்கு அவசரத் தபால். தபால் வண்டியை மறிச்சா ஜெயில், தெரியுமில்ல?”

“அப்ப உள்ள இருக்கிற பொம்பளை, பிள்ளைங்க?”

“பயணிங்க.”

ஹாப்ஸ் வாயைப் பிளந்தான். கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டே, “டிக்கெட் வாங்கிட்டாங்களா?” என்றார்.

“வாங்கியாச்சு” என்றார் மாமா.

எங்களை வரிசையாக நிறுத்தித் தெற்கே நடத்தினார்கள். ஆற்றோர நிலம் கொடுத்தவரின் மகன் அழுதுகொண்டே வந்தான். வளைவில் திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மாமா நடுச்சாலையில் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். தபாலுக்குக் காத்திருந்த ஒரு பெண் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“வண்டி எப்ப திரும்பும், டாலிவர் ஐயா?”

“நேரத்துக்கு வந்துரும்மா” என்றார்.