கீரிமலை வேண்டாம்

உதயகலாவைத் தூக்கி ஓட்டோவின் பின் சீற்றில் இருத்தினான் சுபாஸ்கரன். பாரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கலியாணமான புதிதில் விளையாட்டாக அவளைத் தூக்கப்போய், இடுப்புப் பிடித்து ஒரு கிழமை எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தவன் அவன்.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் பொருள் கொக்குவிலில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காலையில் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுக் கடல் பார்க்க வேண்டும் என்றாள்.

யாழ்ப்பாணத்தில் கடலுக்கா பஞ்சம்? கனடாவிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்கி, அவனுக்கு எல்லாக் கரையும் மனப்பாடம். பண்ணை பக்கத்தில்தான், ஆனால் சேற்று மணம். சாட்டிக்குப் போகிற பாலத்தில் காற்று ஆளைத் தூக்கும். மணற்காடு தூரம், அவ்வளவு குலுக்கலை அவள் தாங்கமாட்டாள்.

"கீரிமலைக்குப் போவம்," என்றாள் உதயகலா.

தலையணையை அண்டைகொடுத்துக்கொண்டிருந்த தங்கை நிவேதனா திடுக்கிட்டாள். "அக்கா, வாயைக் கழுவு!"

கீரிமலையில் கோயில் இருக்கிறது, கேணி இருக்கிறது, ஊரே போய் முழுகுகிறது. ஆனால் செத்தவர்களின் சாம்பலைக் கரைப்பதும் அங்கேதான். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு முன்னால் அந்தப் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

"ஏன், பொய்யே? கடைசியா என்னை அங்கைதானே கொண்டுபோவியள். கேணிக்குப் போயிருக்கிறன், கரைக்கிற இடம் பாக்கேல்லை. அதுக்குப் பொம்பிளையளை ஆர் கூட்டிக்கொண்டு போறது? கண் இருக்கேக்கை ஒருக்கா வடிவாப் பாப்பம்."

"நீர் சும்மா இரும்," என்றான் சுபாஸ்கரன். "உயிரோடை இருக்கிற மனிசியை நான் அங்கை கொண்டுபோகமாட்டன். கசூரினாவுக்குப் போவம். நல்ல மணல், நிழல்."

"உங்கடை விருப்பம்."

அவள் அப்படிச் சொன்னால் அது அவனுடைய விருப்பம் மட்டும்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டோவை எடுத்தான்.

இனுவில் சந்தியில் நேரே போனால் கீரிமலை. அவன் இடக்கைப் பக்கம் திருப்பினான். பின்னால் இருந்து அவள், "நேரை போயிருக்கலாம்," என்றாள். இயந்திரச் சத்தத்தில் கேட்காதவன் போல அவன் ஹோர்ன் அடித்தான். முன்னால் ஒரு குருவிகூட இல்லை.

கசூரினாவில் யாரோ பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சவுக்கு நிழலில் பாய் விரித்து, தங்கையின் மடியில் அவளைச் சாய்த்தான்.

"வடிவா இருக்கே?"

"ஓம். வடிவுதான்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "கீரிமலையிலை மணலோ, கல்லோ?"

"கல்லு."

"காலுக்குக் குத்துமே?"

"உமக்கு வேறை கதையே இல்லையே!" என்று சீறிவிழுந்தான். அவள் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நிவேதனா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்று பொழுதுபட முன்னமே அவளுடைய மூச்சு அடங்கிவிட்டது. கீரிமலையை ஒதுக்கினால் யமனும் ஒதுங்கிப்போவான் என்று எந்த மடையன் சொன்னான்? ஒருவரும் சொல்லவில்லை. அவனே நினைத்துக்கொண்டான். சுவரில் தலையை முட்டி அழுதான். கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கொடுக்கவில்லையே என்று அழுதான். வந்தவர்களுக்கு என்ன ஒன்று என்று விளங்கவில்லை.

காடாத்து முடிந்து, சாம்பல் நிறைந்த மண் முட்டியோடு ஆண்கள் வான் வண்டியில் ஏறினார்கள். நிவேதனா படலைவரை வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். வான் இனுவில் சந்தியில் திரும்பவில்லை, நேரே போனது.

கீரிமலையில் குருக்கள் கரையில் நின்று சொன்னார்: "இடுப்பளவு தண்ணிக்கை போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோளுக்கு மேலாலை விடுங்கோ தம்பி. பிறகு திரும்பிப் பாக்கக்கூடாது."

சுபாஸ்கரன் இறங்கினான். கல் காலுக்குக் குத்தியது. ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. இடுப்பளவில் நின்று, முட்டியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தான். தோளுக்கு ஏற்றாமல் நெஞ்சோடு பிடித்து, வாயைச் சற்றுச் சரித்துக் கடல் பக்கம் காட்டினான். பிறகு மெல்லத் திருப்பிக் கற்களைக் காட்டினான்.

"தம்பி, விடுங்கோ!"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா," என்றான். முட்டியை இன்னும் சற்று உயர்த்திக் கேணிப் பக்கம் திருப்பினான்.